நாகூர்ப் பாட்டு கடல் தாண்டிய கதை

பண்டமாரானிலிருந்து கிள்ளான் துறைமுகம் கூப்பிடு தூரம்தான். அதற்குச் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று பெயர் இருந்த காலத்தில், 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்து கொண்டிருந்தது. 1973இல் ரஜூலா ஓய்வு பெற்றது. பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் நின்றுபோனது.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர் நாகூர். கப்பலில் ஆட்கள் மட்டுமா வந்தார்கள்? பினாங்கு சூலியா தெருவிலும் சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவிலும் நாகூர் தர்கா எழுந்தது. நாகூர் ஹனிபாவின் குரல் இசைத்தட்டிலும் கேசட்டிலும் வந்தது. அதை மதம் பார்த்துக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் அது தமிழர் கையிலிருந்து தமிழர் கைக்குப் போன பாட்டு. தமிழே தெரியாதவர் காதுக்கு அதே ஊர்ப் பாட்டு போனது வேறு வழியில். அந்த வழியைப் போட்டது சென்னையிலிருந்து இயங்கிய எர்த்சிங்க் என்ற சிறிய இசை நிறுவனம்.

சிறிய நிறுவனம் என்றால் என்ன? உலக இசை வியாபாரத்தின் பெரும்பகுதி இன்று யூனிவர்சல், சோனி, வார்னர் என்ற மூன்று பெரிய நிறுவனங்களிடம் இருக்கிறது. இவற்றின் பிடியில் இல்லாமல் சொந்தப் பணத்தில் பதிவு செய்து வெளியிடுபவை சுயேச்சை நிறுவனங்கள். எந்தப் பாட்டு விற்கும் என்று பெரியவர்கள் கணக்குப் போடும்போது, எது பதிவாகாமல் போய்விடும் என்று சிறியவர்கள் கவலைப்படுகிறார்கள். நியூயார்க்கில் மோசஸ் ஆஷ் 1948இல் தொடங்கிய போக்வேஸ் நிறுவனம் 2,000க்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளை வெளியிட்டது. விற்பனை குறைந்தாலும் எதையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை என்பது அவருடைய பிடிவாதம். 1987இல் லண்டன் மதுக்கடை ஒன்றில் இத்தகைய சிறு நிறுவனத்தார் கூடிப் பேசினார்கள். ஆப்பிரிக்க இசையையும் ஆசிய இசையையும் எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. அதனால் விற்பனை இல்லை. 'உலக இசை' என்று ஒரே பெயர்ப்பலகை வைப்பது என முடிவானது. கடைக்காரருக்காக வைத்த பெயர்தான் பிறகு இசை வகையின் பெயராகி விட்டது!

எர்த்சிங்கின் பெரிய வேலை 'லயா புராஜெக்ட்'. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த அலையில் தப்பிப் பிழைத்த கரையோர மக்களுக்கான காணிக்கையாக, இந்தியா, இலங்கை, மாலத்தீவு, தாய்லாந்து, இந்தோனேசியா, மியன்மார் ஆகிய ஆறு நாடுகளுக்குப் பதிவுக் கருவிகளோடு குழு போனது. பாடகர்களைச் சென்னைக்கு அழைத்து வந்து கண்ணாடி அறைக்குள் நிறுத்தவில்லை. அவரவர் ஊரிலேயே பாடவிட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு யோதாம் அகம், பாட்ரிக் செபாக் இருவரும் அந்தக் குரல்களின் மேல் வேறு நாட்டு வாத்தியங்களையும் தாளங்களையும் அடுக்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத கலைஞர்கள் ஒரே பாட்டில் சேர்ந்து ஒலித்தார்கள். ஹரோல்ட் மொன்பில்ஸ் இயக்கிய படமும் இசைத்தட்டும் 2007இல் வெளிவந்தன.

அதில் பாடியவர்களில் நாகூர் தர்காவில் பாடிப் பழகிய அப்துல் கனி, அஜா மைதீன், சபுர்மைதீன் பாபா சபீர் மூவரும் உண்டு. அடுத்து அவர்களை மட்டும் வைத்தே 'நாகூர் செஷன்ஸ்' என்று தனி இசைத்தட்டு வந்தது. தர்காப் பாட்டுக்கு எதற்கு மேல்நாட்டுத் தாளம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வியே. சில இடங்களில் தாளம் குரலை அமுக்கத்தான் செய்கிறது. ஆனால் குரலை வெட்டி ஒட்டி வெறும் அலங்காரமாக்காமல், பாடகரின் பெயரையே அட்டையில் முன்னால் போட்டார்களே, அது பெரிய விஷயம். எத்தனையோ 'உலக இசை' வெளியீடுகளில் ஊர் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்காது.

பெயருக்கு அடுத்தது பணம். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று; அது எழுதியவர், இசையமைத்தவருடையது. ஒலிப்பதிவு மற்றொன்று, அது பெரும்பாலும் செலவு செய்த நிறுவனத்துடையது. வழிவழியாக வந்த பாட்டுக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. ஆகவே பாடிக் கொடுத்தவருக்கு ஒப்பந்தத் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் மிச்சம்.

அந்தத் தாளில் எதைப் பார்ப்பது? ஒரு பேச்சுக்கு, நிறுவனம் 20,000 வெள்ளி செலவு செய்கிறது, வருமானம் 30,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு போக மிச்சத்தில் பாதி என்றால் பாடகருக்கு 5,000 கிடைக்கும். பல சுயேச்சை நிறுவனங்களின் வழக்கம் இது. வருமானத்தில் நூற்றுக்கு 20 பங்கு, ஆனால் செலவு முழுவதும் பாடகர் பங்கிலிருந்தே கழியும் என்றால்? அவர் பங்கு 6,000. இன்னும் 14,000 கடன். வருமானம் 1,00,000ஐத் தாண்டும்வரை ஒரு காசும் வராது. இரண்டு தாளிலும் 'பங்கு உண்டு' என்றுதான் எழுதியிருக்கும்!

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்க் குரலை உலகத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று வந்த மாஜா என்ற சுயேச்சைத் தளத்தின் வெளியீடு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு பாடியது, இங்கே பால்மரம் சீவிய குடும்பங்களின் நெஞ்சையும் தொட்டது. பார்த்தவர்கள் கோடிக்கணக்கில். ஆனால் தனக்கோ, தீக்கோ, அறிவுக்கோ அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். மாஜாவுக்குத் துணை நின்ற ஏ.ஆர். ரஹ்மானும் பாதிக்கப்பட்டவரே என்றார். இது ஒரு தரப்பின் கூற்று. தாளைப் பார்க்காத வெளியார் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பெயர் பெற்றவர்களுக்கே கணக்கு வரவில்லை என்றால், கிள்ளானில் வீட்டு அறையில் மைக்கை வைத்துப் பாடும் பையனுக்கு யார் கணக்குக் காட்டுவார்கள்?

மலேசியாவில் 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு 50 ஆண்டு. எழுதியவர், மெட்டமைத்தவருக்கு ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 50 ஆண்டும். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பாடுபவர், வாசிப்பவருக்கும் தனி உரிமை வந்தது. வரியும் மெட்டும் சொந்தமானால் 1989இல் தொடங்கிய எம்.ஏ.சி.பி. அமைப்பில் உறுப்பினராகலாம், வானொலியிலும் கடைகளிலும் பாட்டு ஒலித்தால் அதற்கான பணத்தை அது வசூலித்துத் தரும். பாடகர் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை மூன்றுதான்: செலவு யார் பங்கிலிருந்து கழியும், கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும், பதிவு எத்தனை ஆண்டுக்குப் பிறகு தன் கைக்குத் திரும்பும். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை.