சைக்கிள் வழிகாட்டி: கிராமத்துக்கு ஏற்ற ஓர் உபதொழில்

கிராமத்து இளைஞர் பிழைப்பைத் தேடி நகரம் செல்வது நாம் அனைவரும் அறிந்த செய்தி. நகரத்தாரும் வெளிநாட்டாரும் நமது கிராமங்களைக் காண வருவது அத்தனை பேர் கவனிக்காத செய்தி. அவ்வாறு வருவோரில் ஒரு சாரார் காரில் விரைந்து செல்வதை விரும்புவதில்லை. சைக்கிளில் மெல்லச் சென்று, வேண்டிய இடத்தில் நின்று, மக்களுடன் பேசிச் செல்லவே விரும்புகின்றனர். அவர்களை அழைத்துச் சென்று ஊரைக் காட்டுபவரே சைக்கிள் வழிகாட்டி ஆவார். இத்தொழிலின் தன்மையைச் செட்டிநாட்டையும் அதனை அடுத்துள்ள புதுக்கோட்டைச் சீமையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குவோம்.

ஊருக்கு என்ன லாபம்?

பெரிய பேருந்தில் வருவோர் நகரத்து ஹோட்டலில் உண்டு, ஒரு மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்புவர். வழியிலுள்ள சிற்றூர்களுக்கு அவர்கள் எழுப்பிய புழுதியே மிச்சம். சைக்கிளில் வருபவருக்கோ நான்கு மைல் சென்றதும் தாகம் எடுக்கும். டீக்கடையில் அமர்வார், இளநீர் வாங்குவார், பணியாரம் கேட்பார். அவர் செலவிடும் பணம் சிறுகச் சிறுகப் பல கைகளுக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் வழிகாட்டி வெளியூர்க்காரராக இருந்தால் கூலியின் பெரும்பகுதி அவருடனேயே போய்விடும். ஆகவே, உள்ளூர் இளைஞரும் பெண்களும் இத்தொழிலைக் கற்பது அவசியம்.

ஒரு நாள் வேலை

வழிகாட்டியின் வேலை விடியுமுன் தொடங்குகிறது. ஒவ்வொரு வண்டியிலும் டயரின் காற்று, பிரேக், செயின், மணி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஓட்டுபவரின் உயரத்துக்கேற்ப சீட்டை ஏற்றி இறக்க வேண்டும். பம்பு, ஒட்டுப் போடும் ரப்பர், சொல்யூஷன், ஸ்பானர், முதலுதவிப் பெட்டி, போதிய குடிநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்ச்சத்துப் பொடி ஆகியவை உடன் இருத்தல் வேண்டும்.

வெயில் ஏறுமுன் பயணத்தின் பெரும்பகுதியை முடித்துவிடுவது நல்லது. ஆறேழு பேருக்கு மேற்பட்ட குழுவாயின், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் செல்ல இரு வழிகாட்டிகள் தேவை. ஐரோப்பியர் பலர் தங்கள் நாட்டில் சாலையின் வலப்புறம் ஓட்டிப் பழகியவர்கள். இங்கே இடப்புறம் செல்ல வேண்டும் என்பதைப் புறப்படும்போதும், ஒவ்வொரு திருப்பத்திலும் நினைவூட்ட வேண்டும். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது அனைவரும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே கடப்பது பாதுகாப்பானது. சாலையில் நெல் காயும் காலத்தில் அதன்மேல் ஏறாமல் ஒதுங்கிச் செல்லக் கற்பிப்பதும் வழிகாட்டியின் கடமையே.

எதைச் சொல்ல வேண்டும்?

செட்டிநாட்டு மாளிகைகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் ஈட்டிய செல்வம் பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் இங்கே வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அவ்வாணிபம் பெரும் அடி வாங்கியது. இன்று பல மாளிகைகள் பூட்டிக் கிடப்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று என்று சொன்னால், பார்ப்பவருக்கு வீடும் விளங்கும், வரலாறும் விளங்கும்.

ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகையின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் இட்டு இறுக்கி, பின்னர் நீரில் ஊறவைக்கின்றனர். கண்ணாடி பிரிந்ததும் அதன் வழவழப்பு கல்லில் நிலைத்துவிடுகிறது. இதைக் கைவினைஞர் செய்யும்போதே காட்டலாம். ஆனால் அவருடைய வேலை நேரம் அவருக்குக் கூலி. நின்று பார்ப்பதற்கு அவருக்கும் ஒரு தொகை தருவதே முறை.

விவசாயிக்குத் தெரிந்த செய்திகளையே வருவோர் மிகவும் விரும்பிக் கேட்கின்றனர் என்பதை நம்மவர் பலர் அறியார். கண்மாய்க் கரை எதற்கு, மடை எப்போது திறக்கப்படும், மிகுந்த நீர் கலுங்கின் வழியே அடுத்த கண்மாய்க்கு எவ்வாறு செல்கிறது, குடிநீர் ஊருணியில் ஏன் மாட்டைக் குளிப்பாட்டுவதில்லை ஆகியவற்றுக்கு நம் ஊர்ப் பெரியவர்களிடம் பதில் உண்டு. இளைஞர் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். கட்டுக்கதை சொல்லிக் கைதட்டல் பெறுவது தொழிலுக்கே கேடு.

திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் போன்ற பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்குள் கூலிக்குச் சுற்றிக்காட்ட உரிமம் வேண்டும். பிறர் வீட்டுக்குள் நுழையவும், மக்களைப் புகைப்படம் எடுக்கவும் அவரவரின் இசைவு வேண்டும். நம் ஊர் மக்கள் காட்சிப் பொருள்கள் அல்லர்.

பெண்களும் செய்யலாம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்துடன் சைக்கிளும் கற்ற கிராமப் பெண்கள் பல்லாயிரவர். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அது பயன்பட்டது. அம்மண்ணில் ஒரு பெண் வழிகாட்டியாக வருவதில் வியப்பில்லை. அடுப்படி, கோலம், அறுவடைப் பாட்டு ஆகியவற்றை விளக்க அவரினும் தகுதியுடையார் யார்?

வருமானமும் அதன் எல்லையும்

இத்தொழில் ஆண்டு முழுவதும் சோறு போடாது. பயணிகள் மிகுதியாக வருவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சித்திரை, வைகாசி வெயிலிலும் வருவோர் குறைவு. நிலத்தை விட்டுவிட்டு இதனை நம்புவது தவறு. ஆடு, மாடு, பயிருடன் இதனை ஓர் உபதொழிலாகக் கொள்வதே அறிவுடைமை. கடன் பெற்றுப் பத்துப் புதிய வண்டிகள் வாங்குமுன், உள்ள வண்டிகளைச் செப்பனிட்டு ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம். வண்டி பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு மற்ற மாதங்களிலும் வேலை உண்டு.

ஊராட்சி செய்ய வேண்டியவை

சாலையோரத்துச் சீமைக் கருவேலத்தை வெட்டுவோர் முள்ளைச் சாலையிலேயே விட்டுச் செல்கின்றனர். ஒரு நாளில் ஐந்து பஞ்சர் ஆனால் அவ்வழியே யாரும் மீண்டும் வாரார். பள்ளி செல்லும் நம் பிள்ளைகளும் அதே முள்ளில்தான் ஓட்டுகின்றனர். முள்ளை அகற்றுதல், குழிகளை மூடுதல், ஊருணிக் கரையில் குப்பை கொட்டாது தடுத்தல், தூய்மையான கழிப்பிடமும் குடிநீரும் அமைத்தல், வழியில் நிழல்மரம் வளர்த்தல் ஆகியவை ஊராட்சியின் பங்கு. பயணி வாராவிட்டாலும் இவை ஊருக்குப் பயன்படும்.

வழிகாட்டியின் கூலி, வண்டி வாடகை, உணவு சமைக்கும் மகளிர் குழுவின் பங்கு ஆகியவற்றைக் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிவு செய்வது நலம். எந்தத் தெருவுக்குள், எந்த நேரத்தில் பயணிகள் வரலாம் என்பதை அத்தெருவில் வாழ்வோரே சொல்லட்டும். ஊர் விரும்பி ஏற்ற தொழிலே ஊரில் நிலைக்கும்.