பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்த ‘எம்டன்’

“அவன் சரியான எம்டன்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். யாருக்கும் பிடிகொடுக்காத கெட்டிக்காரனைக் குறிக்கும் இந்தச் சொல், ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். அந்தக் கப்பல் சென்னையை மட்டுமல்ல, நம் பினாங்கையும் தாக்கியது.

எம்டன் ஓர் இலகு ரகப் போர்க்கப்பல். கனத்த கவசத்தைக் குறைத்து, வேகத்துக்கு முக்கியத்துவம் தந்து கட்டப்படுபவை இவை. எதிரியை வேவு பார்ப்பதும் வணிகக் கப்பல்களை மடக்குவதும் இவற்றின் வேலை.

1908இல் கடலில் இறக்கப்பட்டு, 1909இல் சேவைக்கு வந்த எம்டனின் நீளம் சுமார் 118 மீட்டர். நிலக்கரியில் இயங்கும் 12 கொதிகலன்கள், 3 புகைபோக்கிகள், 10.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள 10 பீரங்கிகள், 2 டார்பிடோ குழாய்கள் இருந்தன. வேகம் மணிக்கு சுமார் 43 கிலோமீட்டர்.

முதல் உலகப் போர் தொடங்கியதும், கேப்டன் கார்ல் வான் முல்லர் கப்பலை இந்தியப் பெருங்கடலுக்குள் செலுத்தினார். தனியாகச் சுற்றிய கப்பலுக்கு நிலக்கரிதான் உயிர். பிடிபட்ட கப்பல்களிலிருந்தும் அதை எடுத்துக்கொண்டனர்.

1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு மழை பொழிந்தது. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அச்சத்தில் பலர் நகரை விட்டே வெளியேறினர்.

அடுத்து பினாங்கு. அக்டோபர் 28 விடியற்காலை, போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் போல் எம்டன் உள்ளே வந்தது. நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக் டார்பிடோக்களால் தாக்கப்பட்டு மூழ்கியது. 80க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அதன் கேப்டன் அப்போது கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். வெளியேறும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. அதில் உயிர் தப்பியவர்களைக் கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றியதும் எம்டன்தான்.

நவம்பர் 9ஆம் தேதி கோக்கோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியபோது, நிலையத்தார் அபாயச் செய்தி அனுப்பிவிட்டனர். விரைந்து வந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலில் 15 சென்டிமீட்டர் பீரங்கிகள். அவற்றுக்கு எம்டனால் ஈடுகொடுக்க முடியவில்லை. சிதைந்த கப்பலை முல்லர் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார். 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் எம்டனில் வந்தார் என்று இன்றும் பலர் நம்புகின்றனர். அதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. அந்த நாட்களில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். அங்கிருந்து அவர் ஆற்றிய பணியே அவர் பெருமைக்குப் போதும். கப்பல் கதை தேவையில்லை.

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அந்தத் தாக்குதலுக்கு நினைவுக் கல் உள்ளது. பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் ரஷ்ய மாலுமிகளின் நினைவுச்சின்னம் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். நம் பேச்சில் வாழும் ஒரு சொல்லின் மறுபாதி அங்கே இருக்கிறது.