ஒத்துக்கொள்ளாத மாத்திரையும் வாய்திறவா நோயாளியும்

2013ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில், பிரான்ஸ் தேசத்தின் மருந்துப் பாதுகாப்பு நிறுவனம், ‘டயான் 35’ என்னும் ஹார்மோன் மாத்திரையின் விற்பனையை நிறுத்திவைக்கப் போவதாக அறிவித்தது. முகப்பருவுக்கென அனுமதி பெற்று, கருத்தடைக்காகவும் அங்கே பெருவாரியாக எழுதிக்கொடுக்கப்பட்டு வந்த அந்த மாத்திரைக்கும், சிரைகளில் இரத்தம் உறைந்து நேர்ந்த 4 மரணங்களுக்கும் சம்பந்தம் உண்டென்று காட்டும் தகவல்கள், ஏறத்தாழ 25 ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் பதிவேட்டில் சேர்ந்திருந்தன. ஐரோப்பிய மருந்து நிறுவனம் அதே ஆண்டில் விஷயத்தை மறுபடி ஆராய்ந்து, மிதமான அல்லது கடுமையான முகப்பருவாலோ மிகை ரோமத்தாலோ அவதியுறும் ஸ்திரீகளுக்கு மட்டும், கருத்தடையே நோக்கமாக இல்லாதபோது, அதனால் விளையும் நன்மை தீமையைக் காட்டிலும் மிகுதி என்று தீர்மானித்தது; மறு ஆண்டில் மாத்திரை மீண்டும் பிரெஞ்சுக் கடைகளுக்கு வந்தது.

அதே கலவைதான், பாரிஸில் உற்றார் உறவினர் உள்ள குடும்பங்கள் நிறைந்த நம் புதுச்சேரியிலும், நாம் ‘நீர்க்கட்டி’ என்றும் ‘பி.சி.ஓ.டி.’ என்றும் சொல்லும் உபாதைக்காக இளம்பெண்களுக்கு எழுதிக்கொடுக்கப்படுகிறது. அங்கே ஒரு மாத்திரையின் குணதோஷங்களை ஊரறிய விசாரிக்க முடிந்ததற்குக் காரணம், அதனால் துன்புற்றவர்களின் செய்தி எழுத்தில் பதிவானதே ஆகும். இங்கேயோ, விவாகமாகாத பெண் கருத்தடை மாத்திரை உண்கிறாள் என்பது வெளியே தெரியலாகாதென்று தாய் அட்டையை அலமாரியின் அடியில் ஒளிக்க, ஒத்துக்கொள்ளாதபோது மகள் அதை வைத்தியரிடமும் சொல்லாமல் தானே நிறுத்திவிட, மாதங்கள் கழித்து நோய் முன்னிலும் முற்றிய நிலையில் வேறொரு வைத்தியரிடம் ஆதியிலிருந்து சிகிச்சை தொடங்குகிறது. இந்த மௌனத்தைப் போல எனக்கு வருத்தமளிப்பது வேறில்லை.

இவ்வுபாதைக்குத் தரும் மருந்துகளில் முதலில் மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்வோம். 1957இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் நீரிழிவுக்கு இது பயன்படுவதை வெளியிட்டார். “எனக்குச் சுகர் இல்லையே, ஏன் இந்த மாத்திரை?” என்று கேட்கும் பெண்ணுக்கு, இன்சுலின் இருந்தும் தேகம் அதற்குச் சரிவரச் செவிசாய்க்காத நிலை இந்நோயில் பலருக்கு உண்டு என்பதையும், அதைச் சீர்செய்யவே இது தரப்படுகிறது என்பதையும் யாராவது விளக்கியிருந்தால், பாதிக் கலக்கம் அன்றே தீர்ந்திருக்கும். குமட்டல், பேதி, வாயில் உலோகச் சுவை ஆகியவை ஆரம்ப வாரங்களில் சகஜம். வெறும் வயிற்றில் உண்ணாமல் சாப்பாட்டோடு உண்பதும், 500 மில்லிகிராமில் தொடங்கி வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாக உயர்த்துவதும், அப்படியும் தாளாவிடில் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரும்படி கேட்பதும் இவற்றுக்குத் தக்க உபாயங்கள். அவ்வகை மாத்திரையின் வெற்றுக் கூடு சில சமயம் மலத்தில் முழுதாகத் தென்படும். மருந்து உள்ளே சேர்ந்துவிட்டது, அஞ்ச வேண்டியதில்லை. பல ஆண்டு உண்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறைவதுண்டாதலால், கை கால் மரத்துப்போனாலோ ஓயாத அசதி தோன்றினாலோ இரத்தப் பரிசோதனை அவசியம். கடும் வாந்தி பேதி கண்டபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளபோதும் உடனே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஹார்மோன் மாத்திரையில் கவனம் இன்னும் கூர்மையாக வேண்டும். இம்மாத்திரை உண்ணாத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்குச் சிரையில் இரத்தம் உறைகிறது; லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் கலந்தவற்றை உண்போரில் 5 முதல் 7 பேருக்கும், ட்ரோஸ்பைரினோன் என்னும் ஹார்மோன் கலந்தவற்றை உண்போரில் 9 முதல் 12 பேருக்கும் அவ்வாறு நேர்கிறது. ஆபத்து சொற்பம், ஆயினும் அது யாருக்கு மிகுதி என்பதை முன்கூட்டியே ஓரளவு அறியலாம். ஆகையால் இரத்தக் கொதிப்பு, புகைப் பழக்கம், கண்முன் ஒளிக்கோடுகள் மின்னிப் பின் வரும் ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தம் உறைந்த சரித்திரம், பாரிஸ் செல்வது போன்ற நெடிய விமானப் பிரயாணம் ஆகியவற்றை, கேட்கப்படாவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கத்தோடு கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல், மார்வலி, இதுவரை கண்டிராத தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல், மாத்திரையை நிறுத்தி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மிகை ரோமத்துக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் உண்பவர்கள் கருத்தரிக்கலாகாது. அது வயிற்றிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கக்கூடும். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு அதனால் பொட்டாசியம் ஏறுமாதலால், நித்தம் இளநீர் அருந்தும் வழக்கமிருந்தால் வைத்தியரிடம் சொல்க. குழந்தைப்பேறு வேண்டித் தரும் லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தென்று அறிந்து திகைப்போர் உண்டு. கருவுறாமைக்கு அதைப் பயன்படுத்த 2011இல் மத்திய அரசு தடை விதித்ததும், 2014இல் அமெரிக்காவில் இந்நோயுள்ள 750 பெண்களிடம் நடந்த ஆராய்ச்சியில் அது பழைய குளோமிஃபீனைவிட நற்பலன் தந்ததாகத் தெரியவந்ததும், 2017இல் இங்கே தடை நீங்கியதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

இனி உரிமை. சிகிச்சையின் தன்மை, அதன் அபாயம், வேறு வழிகள் ஆகியவற்றைச் சொல்லியே வைத்தியர் சம்மதம் பெறவேண்டும் என்று, சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாக்கியது. பக்க விளைவு நேர்ந்ததாலேயே வைத்தியர் குற்றவாளியாகிவிட மாட்டார். ஆனால் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்காமலும், விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமலும் மருந்து கொடுத்துத் தீங்கு விளைந்தால், கட்டணம் பெற்ற மருத்துவமனை மீது 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை இதில் அடங்காது என்பது அதே நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

வழக்குக்குப் போகாதவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2010இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ், 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில், வேலை நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5.30 வரை, தனக்கு நேர்ந்த பக்க விளைவை நோயாளியே தெரிவிக்கலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இதற்கான மையமே இயங்குகிறது. மாத்திரைதான் காரணமென்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். பெயர் இரகசியமாக வைக்கப்படும். மருந்தின் பெயரும், எப்போது தொடங்கி என்று உபாதை கண்டது என்பதும், அட்டையில் அச்சிட்ட தொகுதி எண்ணும் கேட்கப்படுமாதலால், ஒத்துக்கொள்ளாத மாத்திரையின் அட்டையைக் குப்பையில் எறியாமல் ரசீதோடு எடுத்து வைத்துக்கொள்க.