ஓடாத நாளிலும் வயதாகும் ஆலய வேன்



நமது ஆண்டுக் கணக்கறிக்கையில் ‘வேன் பராமரிப்பு’ என்று ஒரு செலவு இடம்பெறுகிறது. “வெள்ளிக்கிழமையும் திருவிழா நாளும் மட்டும் ஓடும் வேனுக்கு இத்தனை செலவா?” என்று அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆசிரியராக இருந்த பழக்கத்தால் சற்று விளக்கமாகவே பதில் கூறுகிறேன்.

வாகனத்தின் சில பாகங்கள் ஓடிய தூரத்தால் தேயும். சில பாகங்கள் காலத்தால் கெடும். குறைவாக ஓடும் பழைய வேனில் நாம் அஞ்ச வேண்டியது இரண்டாவதற்கே.

முதலாவது பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ‘டாட் 3’ வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறி, எண்ணெயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்; இறக்கத்தில் தாழ்ந்த கியரிலேயே ஓட்ட வேண்டும்.

இரண்டாவது டயர். ஆயுத பூசையன்று எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போது டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். ‘டாட்’ என்ற எழுத்துகளை அடுத்த வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளங்கள் தேயாமல் புதிதுபோல் தோன்றினாலும், பத்தாண்டு கடந்த டயரின் ரப்பரை நம்பலாகாது.

மூன்றாவது இஞ்சின் எண்ணெய். குறுகிய தூரமே ஓடினால் இஞ்சின் முழுமையாகச் சூடேறாது; உள்ளே சேரும் நீரும் ஆவியாகிப் போகாது. எனவே கிலோமீட்டர் எட்டாவிட்டாலும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

வேனைக் கவனிக்க முன்வரும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பல பழைய வேன்களில் இஞ்சின் முன்னிருக்கைக்குக் கீழே இருக்கிறது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்; நன்றாக ஆறிய பிறகே திறக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழையாதீர்கள். சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இரும்புத் தாங்கிகளின்மேல் வேனை அமர்த்திய பின்னரே வேலை செய்யுங்கள். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். அதன் அருகில் கற்பூரமோ ஊதுபத்தியோ கூடாது. பிரேக் வேலையைத் தேர்ந்த பட்டறையிடமே விட்டுவிடுங்கள்.

வேன் வாங்க நன்கொடை தருவோர் பலர். பிரேக் எண்ணெய்க்கென்று எவரும் எழுதித் தருவதில்லை. ஆனால் அதில் பயணம் செய்பவர்கள் முதியோரும் தேவார வகுப்புப் பிள்ளைகளும். அவர்கள் பத்திரமாக வீடு திரும்புவதற்கே உங்கள் பொது நன்கொடையின் ஒரு பகுதி செலவாகிறது.

எல்லாம் வல்ல இறைவன் யாவருக்கும் நலம் அருள்வானாக.