மாரிகாலத்து விளக்கு

போரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் போர்முனையைப் பற்றியே எழுதுகின்றனர். எந்தப் படை எந்த வழியால் வந்தது, எந்த நாளில் எந்தக் கொடி ஏறியது என்பவற்றுக்கெல்லாம் ஏடுகளிலே இடமுண்டு. அதே நாட்களில் ஒரு சிற்றூர் வீட்டில் எத்தனை உலை ஏறியது, ஒரு கிணற்றில் எத்தனை பேர் நீர் அள்ளினர் என்ற கணக்கை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. பனி பொழியும் தேசங்களிலே போர்க்காலத்துக் குளிர் கொடியது என்பர். பனிமழை அறியாத எங்கள் குடாநாட்டுக்கு மாரியே குளிர்காலம். 1995 ஆம் ஆண்டின் மாரியைச் சாவகச்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து கண்டவாறு இங்கே எழுதுகின்றேன். அப்போது எனக்கு வயது 15.

அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி, இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்கிக் கொண்டிருந்த வேளையில், வலிகாமத்து மக்களை உடனே வெளியேறுமாறு புலிகள் ஒலிபெருக்கிகளில் அறிவித்தனர். அன்றிரவு கொட்டும் மழையிலே இலட்சக்கணக்கான சனங்கள் வீடு வாசலை விட்டுப் புறப்பட்டனர். நாவற்குழிப் பாலத்தால் அவர்கள் அடிமேல் அடிவைத்துத் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்த கதையை நம்மவர் பலரும் அறிவர். அவர்கள் வந்து சேர்ந்த வீடுகளின் கதை அவ்வளவாக எழுதப்படவில்லை.

விடிந்தபோது எங்கள் படலையில் அப்பாவின் ஒன்றுவிட்ட தமையனார் குடும்பத்துடன் நின்றார். அவர்களுக்குப் பின்னால், முன்பின் அறியாத மூன்று குடும்பங்கள் நனைந்தபடி நின்றன. அம்மா ஊரும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. “பிள்ளையள் ஏதேன் சாப்பிட்டதுகளோ?” என்று மாத்திரம் கேட்டார். பொழுது சாய்வதற்குள், ஐந்து பேர் வாழ்ந்த வீட்டில் 38 பேர் இருந்தோம்.

முதல் இரண்டு நாளும் விருந்தோம்பல் ஓர் அறமாக இருந்தது. மூன்றாம் நாள் அது கணக்காயிற்று. அடுப்படியில் இருந்த இரண்டு அடுப்பும் போதாமல், மாட்டுக் கொட்டிலின் தாழ்வாரத்தில் கல் வைத்து மேலும் மூன்று அடுப்பு மூட்டினார்கள். விறகோ ஈரம். புகையிலே பெண்களின் கண்கள் நாள் முழுவதும் சிவந்திருந்தன. நிவாரண அரிசியை அம்மா சுண்டினால் அளந்தார். மரவள்ளிக் கிழங்கு ஒரு நாள், ஒடியற் கூழ் மறுநாள் என்று முறை வைத்தார். மலசலகூடத்துக்கு விடியுமுன்னே வரிசை நின்றது. ஒருநாள் வாளி கயிறறுந்து கிணற்றில் விழுந்ததைச் சாட்டாக வைத்துப் பெரியம்மாவும் வந்திருந்த ஒரு பெண்ணும் சொல்லத் தகாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டனர். அம்மா வேலிப் பக்கம் போய் நின்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு வந்து தேங்காய் துருவ உட்கார்ந்தார்.

வெளிச்சந்தான் எல்லாவற்றிலும் அரிதாக இருந்தது. 1990 இல் மின்சாரம் நின்றபின், குடாநாட்டு வீடுகளுக்கு ஜாம் போத்தல் விளக்கே துணை. போத்தலின் அடியிலே சிறிது பஞ்சு வைத்து, அது ஊறுமளவுக்கு மண்ணெண்ணெய் விடுவார்கள். சைக்கிள் வால்வுக் கட்டையிலே நூல் திரியை நுழைத்து உள்ளே நிறுத்துவார்கள். சுடர் ஒரு நெல்மணி அளவுதான். ஆயினும் கண்ணாடி காற்றைத் தடுத்துவிடும்; எண்ணெயும் பல நாளுக்கு வரும். எங்கள் வீட்டில் 38 பேருக்கும் இரண்டு விளக்குகளே இருந்தன.

வந்தவர்களுள் மானிப்பாய்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தனர். நாங்கள் அவர்களை அப்பு, ஆச்சி என்று அழைத்தோம். அப்பு அதிகம் பேசமாட்டார். இருட்டும் வேளையில் மட்டும், “மாட்டை அவிட்டு விட்டனானோ?” என்று கேட்பார். “அவிட்டு விட்டனீங்கள்” என்பார் ஆச்சி. அவசரத்தில் புறப்பட்ட அந்த இரவில் அதைத் தாம் காணவில்லை என்று ஆச்சி அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

இரவில் வானொலி கேட்பதற்குச் சைக்கிளை நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுப்போம். சுற்றுவது என் வேலை. டிசம்பர் 5 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் இராணுவம் கொடியேற்றிய செய்தி வந்தபோது, விறாந்தையில் இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிறிது நேரத்தின் பின் அப்பு தம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

மார்கழியிலே அவருக்குக் காய்ச்சல் கண்டது. மழை விடாத ஓர் இரவில் மூச்சு வாங்கத் தொடங்கியது. அவரருகில் இருந்த விளக்கு மங்கி அணைந்தது. மற்றையதில் ஏற்கெனவே எண்ணெய் வற்றியிருந்தது. சாமியறையில் விளக்கேற்றவும் எண்ணெய் இல்லை. ஈர ஓலை பற்றவில்லை. “ஆரிட்டையும் ஒரு சொட்டு எண்ணெய் இருக்கோ?” என்று அம்மா இருட்டில் நின்று கேட்டார்.

என்னிடம் இருந்தது. ஒரு மருந்துப் போத்தல் நிறைய மண்ணெண்ணெயைக் கூரை வளைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எல்லோரும் உறங்கியபின் கதைப் புத்தகம் படிப்பதற்காகச் சிறிது சிறிதாகச் சேர்த்த எண்ணெய். கதை பாதியில் நின்றது. எழுந்து சொன்னால் களவு வெளிப்படும் என்ற பயமும் இருந்தது. நான் உறங்குபவன் போலக் கண்களை மூடிக் கிடந்தேன்.

அப்பு அந்த இருட்டிலேயே இறந்து போனார். ஆச்சி விரல்களால் அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்ததாக அக்கா பிறகு சொன்னாள்.

மறுநாள் ஒருவரும் இல்லாத வேளையில் என் எண்ணெயைப் பொதுப் போத்தலில் ஊற்றினேன். மாலையில் அம்மா அதை எடுத்தார். சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பின் என்னையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரியைத் தூண்டி விளக்கேற்றினார்.

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் வசமாக, வலிகாமத்தார் தம் ஊர்களுக்குத் திரும்பினர். சில வாரங்களின் பின் ஆச்சியிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். வீட்டுக் கூரை பாதி இல்லை, மாட்டைக் காணவில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் கொட்டிலில் கட்டைக்குப் பக்கத்தில் கயிறு கிடந்ததாம். அறுபடவில்லையாம்; முடிச்சு அவிழ்த்தபடி இருந்ததாம். “அவர் அவிட்டுத்தான் விட்டிருக்கிறார், தங்கச்சி” என்று முடித்திருந்தார்.

2000 ஆம் ஆண்டுப் போரிலே சாவகச்சேரி நகரே சிதைந்தது. எங்கள் வீடும் அதனோடு போயிற்று. அம்மாவும் இப்போது இல்லை. அப்பு நாள்தோறும் கேட்ட கேள்விக்கு, அவர் போனபின்பாவது விடை கிடைத்துவிட்டது. அந்த இரவில் அம்மா இருட்டில் நின்று கேட்ட கேள்விக்கு உரிய விடையை, அவர் இருந்த காலத்தில் நான் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.