தஞ்சையில் ஒரு பளிங்குக் கண்ணீர்

தஞ்சைக்குப் போகிறவர்கள் பெரிய கோவிலைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. ஆனால் அதை அடுத்துள்ள சிவகங்கைத் தோட்டத்தில், 1779ல் கட்டப்பட்ட தேவாலயத்தினுள் எட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

அங்கே ஒரு வெண்பளிங்குச் சிற்பம். கட்டிலில் ஒரு பாதிரியார் உயிர் பிரியும் நிலையில் கிடக்கிறார். தலைப்பாகை அணிந்த மன்னர் ஒருவர் அவர் கையைப் பற்றியிருக்கிறார். தலைமாட்டில் இன்னொரு பாதிரியார். மன்னரின் பின்னால் இரு அதிகாரிகள். கால்மாட்டில் பள்ளிச் சிறுவர் மூவர். கிடப்பவர் 1798ல் காலமான ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ். கை பற்றியிருப்பவர் இரண்டாம் சரபோஜி மன்னர்.

இதை வடித்த ஜான் பிளாக்ஸ்மன், தஞ்சையைக் கண்ணால் கண்டவரே அல்லர்!

நோயாளிச் சிறுவன்

இங்கிலாந்தில் யார்க் நகரில் 1755ல் பிறந்தார் பிளாக்ஸ்மன். தந்தை லண்டனில் சாந்துச் சிலைகள் வார்த்து விற்பவர். நோஞ்சானான பையன் கடையிலேயே உட்கார்ந்து, சுற்றியிருந்த கிரேக்கச் சிலைகளைப் பார்த்துப் படம் வரைந்தான். கடையே அவனுக்குக் கல்லூரி ஆயிற்று. 15 வயதில் ராயல் அகாடமியில் மாணவனானான். பிறகு வயிற்றுப்பாட்டுக்காக வெட்ஜ்வுட் பீங்கான் தொழிற்சாலைக்கு உருவங்கள் செய்து கொடுத்தார்.

1782ல் ஆன் என்ற பெண்ணை மணந்தார். அகாடமித் தலைவர் ரெனால்ட்ஸ் இதைக் கேட்டு, கல்யாணம் செய்துகொண்டவனுக்குக் கலை கைகூடாது என்று கூறிவிட்டாராம். கணவனும் மனைவியும் மனம் தளரவில்லை. சிக்கனமாகக் காசு சேர்த்தார்கள். 1787ல் இருவரும் ரோமாபுரிக்கே போய், ஏழாண்டு தங்கித் திரும்பினார்கள்.

கல்லறையில் மனிதர்

அக்காலத்துப் பிரபுக்களின் சமாதிச் சின்னங்களில் ஆடம்பரமே மிகுதி. பிளாக்ஸ்மனும் தளபதி நெல்சனுக்கும் நீதிபதி மேன்ஸ்பீல்டுக்கும் பெரிய சின்னங்கள் செய்தவர்தாம். ஆயினும் அவர் பெயரை நிலைநாட்டியவை, சுவரில் பதிக்கும் சிறிய பலகைகளே.

குளூஸ்டர் பேராலயத்தில் உள்ள ஒன்றைப் பாருங்கள். சாரா மார்லி என்ற மாது 1784ல் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும்போது, கப்பலிலே பிரசவித்துச் சில நாட்களில் உயிர் நீத்தாள். நடுக்கடலில் இறந்தவளுக்குக் கல்லறை ஏது? சிற்பி அலைகளையே செதுக்கினார். குழந்தையை ஏந்திய தாயை அந்த அலைகளிலிருந்து தேவதூதர்கள் மேலே அழைத்துச் செல்கிறார்கள். அவ்வளவுதான்; ஆனால் பார்ப்பவர் நெஞ்சு கனத்துப் போகிறது.

மன்னரின் கடன்

சரபோஜி, துளஜா மன்னரின் தத்துப்பிள்ளை. 1787ல் துளஜா இறந்தபின் அரியணை அமர்சிங்கிடம் போயிற்று. பிள்ளையைக் காத்தவரும், கல்வி புகட்டியவரும், அவர் உரிமைக்காகக் கம்பெனியாரிடம் வாதாடியவரும் சுவார்ட்ஸ்தாம். அதே 1798ல் சரபோஜி பட்டம் ஏறியபோது, அதைக் கண்டு மகிழப் பாதிரியார் உயிரோடில்லை.

மன்னர் மதம் மாறவில்லை, நன்றியும் மறக்கவில்லை. குருவுக்கு ஒரு சின்னம் வேண்டுமென்று லண்டனுக்குச் சொல்லி அனுப்பினார். பொன்னும் மணியும் நிறைந்த அரசர் கேட்டது, தாம் சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் காட்சியை அன்று. கட்டிலருகே ஒரு மாணவனாகத் தாம் நிற்கும் காட்சியே பளிங்கில் ஏறிற்று.

பிளாக்ஸ்மன் 1826ல் மறைந்தார். அவருடைய சாந்து மாதிரிகள் லண்டன் யூனிவர்சிடி காலேஜில் பத்திரமாக உள்ளன. ஆனால் அவர் கலையின் சாரத்தைக் காண நாம் கப்பலேற வேண்டியதில்லை. மதமும் மொழியும் நாடும் வேறான இருவர் கைகோத்திருப்பதைத் தஞ்சையிலேயே பார்க்கலாம். அந்தப் பிடி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தளரவில்லை.