காலுக்கு வெளியே ஒரு சாரம்

என் அக்கா மகன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தபோது காலில் நான்கு ஆணிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஓர் உலோகத் தண்டு இணைத்திருந்தது. "என்னடா தம்பி, பிள்ளை காலை ஆணியடிச்சு வெச்சிருக்காங்க!" என்று அக்கா அழுதுவிட்டாள். ஆலை ஒன்றில் டிசைன் பிரிவில் முப்பது வருஷம் இருந்த என் கண்ணுக்கு அது கட்டடத்துக்குக் கட்டும் சாரமாகத்தான் தெரிந்தது. அக்காவுக்கு அன்று சொன்னதை நம் சங்க அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

மாவுக்கட்டு போட்டால் புண் மூடிப்போகும். கிருமி புகுந்த இடத்தில் உள்ளே தகடு வைப்பதும் ஆபத்து. ஆகவே புண்ணுக்கு அப்பால் ஆணிகளைச் செருகி, வெளியே தண்டில் பூட்டுகிறார்கள். எலும்பு தாங்கவேண்டிய பாரத்தைச் சில காலம் தண்டு தாங்குகிறது.

இந்தச் சாரத்தின் உறுதி எதில் இருக்கிறது? முதலில் ஆணியின் கனம். வளையாமல் நிற்கும் பலம் விட்டத்தின் நான்காம் மடங்குப் பெருக்கமாகக் கூடும். 5 மி.மீ. ஆணிக்குப் பதில் 6 மி.மீ. போட்டால் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதற்காக இஷ்டம்போல் தடியாக்க முடியாது. எலும்பின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தத் துளையிலேயே எலும்பு முறியலாம். அடுத்தது, தண்டுக்கும் எலும்புக்கும் உள்ள தூரம். தூரம் இரண்டு மடங்கானால் ஆணி எட்டு மடங்கு வளையும். வீக்கத்துக்கு இடம் விட்டு, தண்டை முடிந்தவரை கிட்டே வைப்பது இதனால்தான். ஒவ்வொரு துண்டிலும் ஓர் ஆணி முறிவுக்கு அருகிலும் மற்றொன்று தள்ளியும் இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

அப்படியானால் அசையவே விடாமல் இறுக்கிவிட்டால் நல்லதுதானே? இல்லை! மிகவும் தளர்ந்தால் எலும்பு சேராது. மிகவும் விறைத்தாலும் புது எலும்பு சோம்பிவிடும். நீளவாக்கில் மிகச் சிறிய அசைவு அதற்கு உரம் மாதிரி. சில வாரங்கள் கழித்து டாக்டர் ஓரிடத்தில் பூட்டைத் தளர்த்தியபோது அக்கா மறுபடி பதறினாள். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எலும்புக்கே திருப்பிக் கொடுக்கிறார் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

இத்துறையில் மறக்கக்கூடாத பெயர் சைபீரியாவின் குர்கான் நகரில் பணிபுரிந்த டாக்டர் இலிஸாரோவ் (1921–1992). தடித்த ஆணிகளுக்குப் பதிலாக, மெல்லிய கம்பிகளைச் சைக்கிள் சக்கரத்து ஸ்போக்ஸ் போல வளையங்களில் இழுத்துக் கட்டினார். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற புரூமெல், 1965-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிப் பல ஆபரேஷன்களுக்குப் பின் 1968-இல் இவரிடம் வந்துதான் குணமானார். எலும்பை நாளொன்றுக்கு 1 மி.மீ. வீதம், நான்கு தவணையாக விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளரும் என்று காட்டியவரும் இவரே.

வீட்டில் யாருக்காவது இது போட்டிருந்தால் ஒன்றை மனசில் வையுங்கள். ஆணி தோலுக்குள் நுழையும் இடம்தான் வாசல். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி சுத்தம் செய்யுங்கள். சிவப்பு, சீழ், புதிய வலி, ஆணி ஆடுவது, எது தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். நட்டை நீங்களாகத் திருகாதீர்கள்.

கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைக்கும் பிரித்தாயிற்று, இப்போது நடக்கிறான். ஹெல்மெட் போடாமல் வண்டியைத் தொட மட்டும் அக்கா விடுவதில்லை!